எரியும் பசை: விருதுநகர் வட்டாரத் தீத்தொழிலில் பாலிமர்களின் நூறாண்டு

ஒரு காலத்தில் எங்கள் ஊரான மல்லாங்கிணற்றில் தீப்பெட்டி ஒட்டும் வீட்டைக் கண்டுபிடிக்கக் கண் தேவைப்பட்டதில்லை, மூக்கே போதுமாக இருந்தது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்து ஆறவைத்த பசையின் புளித்த வாடை வாசல்வரை வரும். திண்ணையில் உட்கார்ந்து மரச்சீவலை மடித்து நீலத்தாள் சுற்றும் பெண்களின் விரல்நுனி காய்ந்த பசையால் வெளிறியே இருக்கும். ஊர்க்காரர்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று சொல்லும் ஆலைக்குள் நுழைந்தால் வேறொரு வாடை. அது தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுத்த வச்சிரத்துடையது. மைதாப் பசை பெட்டிக்கு, வச்சிரம் குச்சிமுனை மருந்துக்கு.

இந்தத் தொழிலைப் பற்றி எனக்குப் படிக்கக் கிடைத்த நூல்களும் அறிக்கைகளும் குளோரேட்டைப் பேசுகின்றன, கந்தகத்தைப் பேசுகின்றன, கூலியையும் விபத்தையும் குழந்தை உழைப்பையும் பேசுகின்றன. பசைக்கு அவற்றில் அரை வரிகூடக் கிடைப்பதில்லை. இரண்டு பொருளைச் சேர்த்துப் பிடித்துவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒன்றாகவே அது நினைக்கப்படுகிறது. தச்சுப் பட்டறையில் அப்படி நினைப்பதில் தவறில்லை. தீத்தொழிலில் பசை பிடிக்கவும் வேண்டும், எரியவும் வேண்டும். இவ்விரண்டு வேலையையும் ஒருசேரச் செய்யும் பொருளைத் தேடியதன் வரலாறாகவே சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தின் பாலிமர் வரலாற்றை நான் வாசிக்கிறேன்.

வச்சிரம்

ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் அதைத் தொடங்கியது எல்லோரும் அறிந்த கதை. அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் வேதியியலாளர்களிடையே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சூரிக் நகரில் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரப்பர், செல்லுலோஸ் போன்றவை சிறு மூலக்கூறுகளின் குவியல் அல்ல, ஆயிரக்கணக்கான அலகுகள் சங்கிலியாகக் கோத்த பெரும் மூலக்கூறுகள் என்றார். மூத்த வேதியியலாளர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1953 வரை ஆனது. ஆக, சிவகாசியில் முதல் வச்சிரச் சட்டி அடுப்பேறியபோது, அதற்குள் வெந்துகொண்டிருந்த பொருள் இன்னதென்று உலகில் ஒருமித்த கருத்து இல்லை. பொருள் வேலை செய்தது, அதற்கான கொள்கை பின்னால் வந்தது.

தீக்குச்சி முனையின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் 45 முதல் 55 விழுக்காடு. கந்தகம் 3 முதல் 5. வச்சிரம் 9 முதல் 11. மீதி கண்ணாடித்தூள், நிறமி, நிரப்புப் பொருள்கள். கந்தகத்தைப்போல் இரண்டு மடங்கு வச்சிரம் இருக்கிறது. குச்சியை உரசியதும் குளோரேட் வெளிவிடும் ஆக்சிஜனில் எரிவதில் பெரும்பங்கு இந்த விலங்குப் புரதம்தான். கந்தகம் தீயைத் தொடங்கிவைக்கிறது, வச்சிரம் அதைக் குச்சி மரம்வரை கொண்டுசேர்க்கிறது. 'கந்தகக் குச்சி' என்று பேர்வைத்தவர்கள் வச்சிரத்துக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்பேன்.

பெட்டிப் பக்கவாட்டிலும் இதே கதைதான். அங்கே சிவப்புப் பாஸ்பரசையும் கண்ணாடித்தூளையும் காகிதத்தோடு பிடித்துவைப்பதும் பசையே. தீக்குச்சியை இரண்டாகப் பிரித்து, குளோரேட்டைக் குச்சியிலும் பாஸ்பரசைப் பெட்டியிலும் வைக்கும் யோசனைக்கு ஸ்வீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இல் காப்புரிமை பெற்றார். யென்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் சந்தைப் பொருளாக்கினார்கள். தாடையெலும்பை அரிக்கும் வெண்பாஸ்பரஸ் குச்சிகளை இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சிவகாசி தொடங்கும்போதே பாதுகாப்புக் குச்சியோடு தொடங்கியது அதன் நற்பேறு.

ஏன் வச்சிரம்? ஒட்டும் பொருள்களுக்கு அன்றும் பஞ்சமில்லை. கோந்து இருந்தது, அரக்கு இருந்தது, மாவுப் பசை இருந்தது. விடை, மருந்து முக்கும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. கட்டையில் அடுக்கிய குச்சிகள் சூடான மருந்துக் குழம்பில் முனை நனைந்து மேலே வருகின்றன. வந்த கணத்திலிருந்து அந்தத் துளி ஒழுகக் கூடாது, உருண்டையாக நிற்க வேண்டும். காயும்வரை காத்திருக்க நேரமில்லை, ஆறினாலே இறுக வேண்டும். வச்சிரத்தின் சாரமான ஜெலட்டின், வெப்பம் ஏறத்தாழ 30 பாகைக்குக் கீழே இறங்கும்போது கூழாகிவிடும். கோந்தோ மாவோ இவ்வளவு சட்டென்று அப்படி இறுகாது. இன்னொரு குணமும் உண்டு. வச்சிரக் குழம்பை அடித்துக் கலக்கும்போது நுரை பிடிக்கும், அந்த நுரை அப்படியே உறைந்து குச்சிமுனையில் காற்றுக் குமிழ்களாகத் தங்கும். குமிழ் இருப்பதால்தான் முனை வெடித்துச் சிதறாமல் சீராக எரிகிறது.

ஆறினால் இது ஏன் இறுகுகிறது என்ற கேள்விக்கு விடை சொன்னது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் கொலாஜன் புரதத்தின் வடிவத்தை முன்வைத்தார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு அது. ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன் பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. அதில் கங்காரு வால் நாரும் இருந்தது என்பது நம்மூர் ஆய்வு வரலாற்றின் ரசமான துணுக்குகளில் ஒன்று. தோலை வேகவைக்கும்போது அந்த முப்புரிக் கயிறு பிரிந்து தனித்தனி இழையாகிறது, அதுவே ஜெலட்டின். ஆறும்போது இழைகள் பழைய முறுக்கை நினைவுபடுத்திக்கொண்டதுபோல் ஆங்காங்கே மீண்டும் சுற்றிக்கொள்கின்றன, அதுவே கூழ். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல் கழிவிலிருந்து வந்த அந்த முறுக்குதான் சிவகாசிக் குச்சியின் உருண்டைத் தலை. சென்னையிலிருந்த விஞ்ஞானிக்கும் சிவகாசியில் குச்சி முக்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்க வழியில்லை. இருவரும் ஒரே கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில், 'மழையில்லாத வறண்ட பூமி, அதனால் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது' என்று பாடப்புத்தகம் முதல் மேடைவரை சொல்லப்படும் வாக்கியத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். குளோரேட்டுக்கும் கந்தகத்துக்கும் வெயில் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வச்சிரம், மைதா, பின்னால் வந்த டெக்ஸ்ட்ரின் என்று இங்கே புழங்கிய பசைகள் அத்தனையும் தண்ணீரில் கரைபவை. தண்ணீர் வெளியேறினால்தான் அவை பசை. கரிசல் காட்டு வெயில் உலர்த்தியது மருந்தை அல்ல, பசையை. அதே கத்திரி வெயில் வச்சிரம் இறுகுவதற்கு எதிரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காற்று 38 பாகையில் கொதிக்கும்போது 30 பாகைக் கூழ் எங்கிருந்து வரும்? வறட்சி ஒரு கையால் கொடுத்ததை வெப்பம் மறு கையால் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது.

சணலும் மாவும்

1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின், உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் இங்கே வளர்ந்தன. பட்டாசுக்குள் வச்சிரம் அவ்வளவாகப் போகவில்லை. அங்கே ஆண்டது மாவுச்சத்து. ஸ்டார்ச்சை வறுத்தால் அதன் நீண்ட சங்கிலிகள் துண்டாகிக் குளிர்ந்த நீரிலேயே கரையும் டெக்ஸ்ட்ரின் ஆகும். 1821இல் டப்ளின் நகரத்து நெசவாலையில் பிடித்த தீயில் கருகிய மாவு பிசுபிசுத்ததைப் பார்த்துத்தான் இது தெரியவந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கம்பி மத்தாப்பில் அலுமினியப் பொடியையும் இரும்புத் தூளையும் நைட்ரேட்டையும் கம்பியோடு பிடித்துவைப்பது இந்த டெக்ஸ்ட்ரின்தான். மத்தாப்பு எரியும்போது அதுவும் சேர்ந்து எரிகிறது.

அணுகுண்டு என்று நாம் சொல்லும் வெடியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காகிதக் கூட்டின்மேல் சணல் நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை பூசிக் காயவைத்திருப்பார்கள். மருந்து எரிந்து எழும் அழுத்தத்தைக் கூடு எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு சத்தம். சணல் செல்லுலோஸ், அதன்மேல் பூசிய பசை மாவுச்சத்து. இரண்டுமே குளுக்கோஸ் அலகுகளைக் கோத்த சங்கிலிகள், கோத்த விதம்தான் வேறு. இழையைச் சுற்றிப் பசையில் தோய்த்து அழுத்தம் தாங்கும் கூடு செய்யும் இந்த உத்திக்குப் பொறியியலில் கூட்டுப்பொருள் என்று பெயர். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்ட மோட்டாரின் கூடு கெவ்லார் இழையைச் சுற்றி எப்பாக்சிப் பிசினால் இறுக்கியது. செய்முறையில் இரண்டும் ஒரே குலம். ஒன்று கிழிய வேண்டும், மற்றது கிழியவே கூடாது என்பதே வேறுபாடு.

பட்டாசுக் கூடு ஏன் இன்னும் காகிதமாகவே இருக்கிறது, மலிவான பிளாஸ்டிக் ஏன் அதைத் துரத்தவில்லை என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் உண்டு. காகிதம் கந்தலாகக் கிழியும். கெட்டியான பிளாஸ்டிக் கூர்ச்சில்லாக உடையும். உடலில் தைத்த பிளாஸ்டிக் சில்லு எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது.

டெக்ஸ்ட்ரினுக்கு ஒரு குறை இருந்தது. அது தண்ணீரைக் கேட்கிறது. அலுமினியமும் நைட்ரேட்டும் ஈரமாகச் சேர்ந்து கிடந்தால் தானாகவே சூடேறி அம்மோனியா வாடை வீசத் தொடங்கலாம். அந்தச் சூடு கட்டுப்பாடு இல்லாமல் ஏறினால் கொட்டகையே போய்விடும். இதைத் தடுக்கப் போரிக் அமிலம் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மக்னீசியம் இருந்தால் நீர்ப் பசையை நினைத்தே பார்க்க முடியாது. தண்ணீர் வேண்டாத பசை தேவைப்பட்டது. செயற்கைப் பாலிமர்கள் தீத்தொழிலுக்குள் நுழைந்த முதல் வாசல் அது. சாராயத்தில் கரையும் அரக்கு அந்த வேலையை முன்பே ஓரளவு செய்துவந்தது. பூச்சி சுரந்த அந்தப் பிசினின் இடத்துக்கு, பேக்லாண்டின் 1907ஆம் ஆண்டுப் பேக்லைட்டின் இனமான பீனாலிக் பிசினும், அசிட்டோனில் கரைத்த நைட்ரோசெல்லுலோசும் வந்தன.

நைட்ரோசெல்லுலோசுக்குத் தனியாக ஒரு மரியாதை செய்ய வேண்டும். 1846இல் வேதியியலாளர் ஷோன்பைன் பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் தோய்த்து வெடிபஞ்சு செய்தார். அதையே கற்பூரத்தோடு பிசைந்து 1870 வாக்கில் அமெரிக்காவின் ஹயட் செல்லுலாய்டு செய்தார். உலகின் முதல் பிளாஸ்டிக்குகளில் ஒன்று வெடிமருந்தின் உடன்பிறப்பு. சீப்பும் சினிமாப் படச்சுருளும் அதில் செய்யப்பட்டன. பழைய கொட்டகைகளில் படச்சுருள் தீப்பிடித்த கதைகள் எல்லாம் இந்த உறவு முறையால் வந்தவை.

நிறத்துக்கு ஒரு பிளாஸ்டிக்

வாணவேடிக்கையின் நிறம் உலோகத்தால் வருவது என்று பள்ளியில் படிக்கிறோம். அது பாதி உண்மை. பச்சை ஒளியைத் தருவது பேரியம் குளோரினோடு சேர்ந்த மூலக்கூறு. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியமும் குளோரினும், நீலத்துக்குச் செம்பும் குளோரினும். குளோரின் இல்லாவிட்டால் நிறம் வெளுத்துவிடும். குளோரேட் கலவைகளில் அதுவே குளோரினைத் தந்தது. ஆனால் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உராய்வுக்கும் பற்றிக்கொள்ளும். அந்தச் சேர்க்கையை இந்திய அரசு 1992இல் வெடிபொருள்களில் தடைசெய்தது, தீக்குச்சி முனைக்கு விலக்கு அளித்து. நைட்ரேட்டுக்கும் பெர்குளோரேட்டுக்கும் மாறும்போது குளோரினைத் தர வேறொரு பொருள் வேண்டியிருந்தது. அந்த வேலைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பாதரசக் குளோரைடைப் பயன்படுத்தினார்கள். புகையோடு பாதரசமும் வானத்தில் பரவியது.

அதன் இடத்தைப் பிடித்தது பி.வி.சி. தண்ணீர்க் குழாயும் மின்கம்பி உறையும் செய்கிற அதே பொருள், பொடியாக. அதன் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். குளோரினேற்றிய ரப்பரில் இன்னும் அதிகம், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அசிட்டோனில் கரைவதால் குளோரினும் தரும், பசையாகவும் நிற்கும். வச்சிரத்துக்கு இரண்டு வேலை என்றால் இதற்கு மூன்று: பிடிக்கும், எரியும், நிறமும் காட்டும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் தீத்தொழிலின் மிகச் சாமர்த்தியமான பாலிமர் இதுதான். பாதரசத்தை விரட்டியது நல்ல காரியம். ஆனால் எரியும் பி.வி.சி. ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைவிடும், டையாக்சின் உருவாகவும் வாய்ப்புண்டு. ஒரு நஞ்சைப் போக்க வந்தது வேறொரு கணக்கைத் திறந்துவைத்தது.

2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. 2021இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. நாக்பூரின் நீரி நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று பசுமைப் பட்டாசு வகைகளை உருவாக்கியது, 2019 அக்டோபரில் அவை அறிமுகமாயின. அவற்றின் தகுதி பற்றி வாதங்கள் ஓயவில்லை. இக்கட்டுரையின் எல்லைக்குள் ஒன்று மட்டும் சொல்லலாம். பேரியம் போனால் பச்சை போகிறது. அந்தப் பச்சைக்காக வந்த குளோரின் பாலிமருக்கும் அங்கே வேலை குறைகிறது. எந்தப் பாலிமர் இருக்கலாம் என்பதை இந்த வட்டாரத்தில் வேதியியல் மட்டும் தீர்மானித்ததில்லை.

வாசலில் நிறுத்தப்பட்ட பாலியெஸ்டர்

பட்டாசு விபத்துச் செய்திகளில் 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக' என்ற சொற்றொடர் அச்சுக்கோத்துத் தயாராக இருக்கும்போல. உராய்வு என்பதற்குள் இரண்டு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, தேய்ப்பதால் எழும் சூடு. மற்றது நிலைமின்சாரம். நைலான், பாலியெஸ்டர், பாலித்தீன் ஆகியவை மின்சாரத்தைக் கடத்தாதவை. உரசினால் எழும் மின்னூட்டம் அவற்றிலேயே தேங்கும். நடக்கும் மனிதர் ஒருவர் பத்து மில்லிஜூல் அளவில் மின்னாற்றலைச் சுமக்க முடியும். அதைவிடக் குறைந்த பொறிக்கே பற்றும் மருந்துக் கலவைகள் உண்டு.

அதனால்தான் கலவை அறைக்குப் பருத்தி உடை, வாசலில் தொட்டுவிட்டு நுழைய மண்ணோடு இணைத்த உலோகத் தகடு, தரையில் மின்கடத்தும் ரப்பர் விரிப்பு என்று வழிமுறைகள். பாருங்கள், பாலிமரின் தீங்கைத் தடுக்க வந்ததும் ஒரு பாலிமர்தான். கரி கலந்த ரப்பர் மின்சாரத்தைக் கடத்தும்படி செய்யப்பட்டது. பருத்தியும் செல்லுலோஸ் என்னும் பாலிமரே, ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மின்னூட்டத்தை மெல்ல வடியவிடும். விதி அப்படியிருக்க, பருத்திச் சேலையைவிடப் பாலியெஸ்டர் சேலை மலிவு, சீக்கிரம் காயும், கசங்காது. காலை ஏழு மணிக்கு ஆபீஸ் வண்டி ஏறும் பெண் எதை உடுத்துவார் என்பதை விதிப்புத்தகம் மட்டும் முடிவுசெய்வதில்லை. பருத்திச் சீருடையை ஆலையே கொடுத்து, அங்கேயே மாற்றிக்கொள்ள இடமும் கொடுக்காதவரை இந்த விதி பாதிதான் விதி என்பது என் எண்ணம்.

குமிழ் இல்லாத பசை

சிவகாசியிலிருந்து தென்மேற்கே மலைத்தொடரைத் தாண்டினால் தும்பா. 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது, வெளிநாட்டு எரிபொருளோடு. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வேதியியலாளர்கள் பிறகு தேடியதும், சுருக்கிச் சொன்னால், ஒரு பசையைத்தான். திட எரிபொருள் ராக்கெட்டில் அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும் பெரும்பங்கு. அவற்றைப் பிடித்துவைக்கும் பாலிமர் பத்து முதல் பதினைந்து விழுக்காடு. அதுவே எரிபொருளும்கூட. குச்சிமுனையின் வச்சிரக் கணக்கோடு இதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு வருகிறது.

ஆமணக்கெண்ணெயிலிருந்து 'இஸ்ரோ பாலியால்' என்ற பிணைப்புப் பொருளை அங்கே உருவாக்கினார்கள். நம் புன்செய் வரப்பில் நிற்கும் ஆமணக்குதான். அடுத்து வந்தது எச்.டி.பி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிபியூட்டாடையீன் வகை. செயற்கை ரப்பரின் உறவு. திரவமாக ஊற்றிக் கலந்து, மோட்டார் கூட்டுக்குள் வார்த்து, அங்கேயே ரப்பராக இறுகவிடலாம். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் ஏறத்தாழ 139 டன் திட எரிபொருளைச் சுமக்கிறது. அவ்வளவையும் பிடித்திருப்பது இந்தப் பசை.

குச்சிக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே இடத்தில் வழி பிரிகிறது. வச்சிரத்தில் காற்றுக் குமிழ் வேண்டும். ராக்கெட் பசையில் ஒரு குமிழ்கூடக் கூடாது. குமிழ் இருந்த இடத்தில் எரியும் பரப்பு திடீரென்று கூடி, அழுத்தம் எகிறி, கூடே கிழிந்துபோகலாம். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில் வார்க்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளம் எழும்போது, வச்சிரம் முக்கும் ஊருக்கும் எச்.டி.பி.பி. எரியும் ஊருக்கும் இடையே சில மணி நேரப் பேருந்துப் பயணமே இருக்கும்.

லைட்டர்

தீப்பெட்டிக்கான போட்டி கடைசியில் வேறொரு தீப்பெட்டியாக வரவில்லை, பாலிமராக வந்தது. பியூட்டேன் வாயுவை அழுத்தித் திரவமாக அடைக்கும் சிறு குப்பி, கசியக் கூடாது, வெடிக்கக் கூடாது, தூக்கிப்போடும் விலைக்கு வேண்டும். 1973இல் பிக் நிறுவனம் கொண்டுவந்த லைட்டரின் உடல் பாலிஅசிட்டால் என்ற பிளாஸ்டிக். மலிவான ஒளிபுகும் லைட்டர்களில் ஸ்டைரீன் அக்ரிலோநைட்ரைல். இந்தப் பாலிஅசிட்டால்தான் 1920களில் ஸ்டாடிங்கர் தன் பெருமூலக்கூற்றுக் கொள்கையை நிறுவச் சோதித்துப் பார்த்த பொருள்களில் ஒன்று. சிவகாசி தொழில் தொடங்கிய காலத்தில் சோதனைக்குழாயில் கிடந்த பொருள், அரை நூற்றாண்டு கழித்துக் குச்சிக்கு எதிரியாக வந்து நின்றது.

தீப்பெட்டி விலை பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. குச்சிக்கு விலை ஏறுவதே அரிதாக இருந்த அதே காலத்தில் கடைக்குக் கடை லைட்டர் தொங்கியது. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் லைட்டர்களைத் தடைசெய்யக் கோரி ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உதிரிகளாகக் கொண்டுவந்து இங்கே கோத்து விற்பது தொடர்ந்ததால், 2024 அக்டோபரில் உதிரிபாக இறக்குமதிக்கும் தடை வந்தது.

இந்த நூறாண்டில் மரப்பெட்டி அட்டைப்பெட்டியானது. நீலத்தாள் போனது, திண்ணையில் பெட்டி ஒட்டும் வேலையும் அதோடு ஏறத்தாழ முடிந்தது, மைதாப் பசையின் வாடையும் எங்கள் தெருவைவிட்டுப் போய்விட்டது. அட்டையை ஒட்ட இன்று செயற்கைப் பசைகள் இருக்கின்றன. குச்சிமுனைக்கு மட்டும் மாற்று வரவில்லை. பாலிவினைல் அசிட்டேட் நன்றாக ஒட்டும், ஆனால் ஆறினவுடன் இறுகாது, நுரையைச் சீராகப் பிடித்துவைக்காது. சூட்டில் இளகி, குளிரில் நின்று, காற்றைச் சிறைவைத்து, உரசினால் சாம்பலாகும் வேறொரு மலிவான பாலிமர் கிடைக்கும்வரை தீப்பெட்டி ஆபீஸ் அடுப்பில் வேகப்போவது வச்சிரம்தான்.